எலிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிய பேராசிரியர்

எலிக்கூண்டின் அருகே நின்றால் நமக்குப் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். எலிகள் தமக்குள் எழுப்பும் ஒலிகளில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. வௌவால்களின் ஒலியைப் பிடிக்கும் கருவி இருந்தால்தான் அந்த உலகம் நமக்குத் திறக்கும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வகம் ஒன்றில் 1990-களில் அப்படித்தான் திறந்தது. இளம் எலிகள் இரண்டை ஒன்றாக விட்டதும் அவை துரத்தின, பாய்ந்தன, ஒன்றையொன்று மல்லாத்திப் புரட்டின. கருவியில் 50,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சொலிகள் சரம்சரமாய் வந்து விழுந்தன. பேராசிரியர் யாக் பாங்க்செப் அந்த ஒலியை மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை ஆய்வகத்துக்கு வந்தவர், எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்க்கலாம் என்று உதவியாளரிடம் சொன்னார்.

விளையாடும் எலி மற்றொன்றின் பிடரியைத்தான் குறிவைக்கும். ஆய்வாளர்களும் அங்கேயே விரல்களை ஓட்டினார்கள். மல்லாத்தி வயிற்றிலும் ஓட்டினார்கள். விளையாட்டின்போது வந்ததைவிட அதிகமாகக் கீச்சொலி வந்தது. கையை எடுத்தால் எலி அந்தக் கையைத் தேடி ஓடி வந்தது. குட்டிகள் கூடுதலாகக் கீச்சிட்டன, வளர்ந்த எலிகள் குறைவாக. அஞ்சும்போதும் தோற்கும்போதும் எலி எழுப்புவது வேறொரு ஒலி. 22,000 ஹெர்ட்ஸ் அளவிலான அந்த நீண்ட முனகல் இங்கே இல்லை. இது சிரிப்பு என்பதே பாங்க்செப்பின் முடிவு. ஆனாலும் 2000-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் ‘சிரிப்பு’ என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள், ஒரு கேள்விக்குறியுடன்தான் அவரால் வைக்க முடிந்தது.

அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. பாங்க்செப் படித்த காலத்தில் அமெரிக்க உளவியலை நடத்தையியல் ஆண்டது. விலங்கு என்ன செய்கிறது என்பதை எண்ணலாம்; அது என்ன உணர்கிறது என்று கேட்பதே அறிவியலுக்குப் புறம்பு என்றார்கள். எலி நெம்புகோலை எத்தனை முறை அழுத்தியது என்று எழுதுங்கள், ஆசைப்பட்டு அழுத்தியது என்று எழுதாதீர்கள் என்பது அன்றைய சட்டம்.

அவர் அந்தச் சட்டத்துக்குள் அடங்காமல் போனதற்கு அவருடைய இளமைக்காலமும் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1943-இல் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் பிறந்தார். மறு ஆண்டு சோவியத் படைகள் நெருங்கியபோது குடும்பம் கைக்குழந்தையோடு நாட்டை விட்டு ஓடியது. 1949-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். பிட்ஸ்பர்க்கில் கல்லூரியில் படித்துக்கொண்டே மனநல மருத்துவமனை ஒன்றில் இரவுநேர ஊழியராக வேலை பார்த்தார். அங்கே இருந்த நோயாளிகளின் கதைகளைப் படிக்கப் படிக்க, உணர்ச்சி நிலைகுலைந்தால் மனிதர் என்ன ஆகிறார் என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. நோயாளிகளோடு பேசும் மருத்துவ உளவியலில் தொடங்கினார். உணர்ச்சி மூளையில் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது என்று மூளை ஆய்வுக்கு மாறினார். 1969-இல் முனைவர் பட்டம். 1972 முதல் பௌலிங் கிரீனில் பேராசிரியர் பணி.

மூளையின் ஆழத்தில் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தினால், ஓர் உணர்ச்சிக்குரிய முழு நடத்தையும் கோவையாக வெளிப்படும். ஓரிடத்தில் சீறல், ஓரிடத்தில் உறைந்து நிற்றல், ஓரிடத்தில் பிரிவின் அழுகுரல். தூண்டலை விலங்கு நாடுகிறதா, தப்பி ஓடுகிறதா என்று பார்த்தால் அது இனிமையா வேதனையா என்பதும் தெரிந்துவிடும். இப்படி ஏழு அடிப்படை அமைப்புகளை அவர் இனம்கண்டார்: தேடல், சினம், அச்சம், காமம், பரிவு, பிரிவுத்துயர், விளையாட்டு. அனைத்தும் பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பழைய மூளைப் பகுதிகளில் வேர்கொண்டவை.

தேடல் பட்டியலில் ஏன் முதலில் வருகிறது? 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர், மூளையின் சில இடங்களில் மின்தூண்டல் பெறுவதற்காக எலி ஓயாமல் நெம்புகோலை அழுத்துவதைக் கண்டார்கள். அவை ‘இன்ப மையங்கள்’ என்று பெயர் பெற்றன. பாங்க்செப் எலியின் முகத்தைப் பார்த்தார். சுவையானதைத் தின்று திளைக்கும் விலங்கு அடங்கி இருக்கும். இதுவோ மோப்பம் பிடித்தது, மூலைமூலையாகத் துழாவியது, பரபரத்தது. கிடைத்ததன் இன்பம் இதில்லை, எதுவோ கிடைக்கப்போகிறது என்ற ஆவல் என்றார். டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் ஓடும் அந்தப் பாதையைப் பற்றி இன்று பேசுகிறவர்களில் பலரும் விருப்பம் வேறு, இன்பம் வேறு என்றே பிரித்துப் பேசுகிறார்கள்.

அவருடைய ஆய்வுகளில் என்னை மிகவும் அசைத்தது பிரிவுத்துயர் பற்றியது. 1970-களில், மூளை தனக்குத்தானே அபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது என்ற கண்டுபிடிப்பு புதிதாக வந்திருந்தது. பாங்க்செப் அதை அன்போடு இணைத்தார். அபினுக்கு அடிமையானவரிடமிருந்து அதைப் பறித்தால் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை. தாயைப் பிரிந்த குட்டியிடமும் இதே அடையாளங்கள்தானே என்று கேட்டார். தனியே விடப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு, மயக்கம் தராத அளவுக்கு மிகக் குறைவாக மார்ஃபின் கொடுத்தபோது அழுகை குறைந்தது. கோழிக்குஞ்சுகளிலும் அப்படியே. குஞ்சை இரு கைகளையும் குவித்து உள்ளே வைத்துக்கொண்டால் சிறிது நேரத்தில் கத்தல் ஓய்ந்து கண் மூடும். மூளையின் அபின் வினையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் அதே கைகளுக்குள் அது அடங்க அதிக நேரம் எடுத்தது. அணைப்பின் இதம் ஒரு வேதிப்பொருளின் வழியாக உள்ளே போகிறது. பிரிவின் குரலை எழுப்பும் மூளைப் பகுதிகள் உடல்வலியைக் கையாளும் பகுதிகளோடு ஒட்டியே கிடக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவர் ‘வயிறு எரிகிறது’ என்று சொல்லும்போது அது வெறும் உவமை என்று இனி என்னால் நினைக்க முடியாது.

அந்த எரிச்சலை அவரும் அறிந்தார். 1991-இல் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி அவருடைய பதின்வயது மகள் இறந்துபோனாள்.

விளையாட்டு ஆய்வுகளை அவர் விடவில்லை. பிறந்த சில நாட்களில் மூளையின் மேற்புறணி அகற்றப்பட்ட எலிகளும் வளர்ந்தபின் கட்டிப்புரண்டு விளையாடின. விளையாட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, சிந்திக்கும் மூளைகூட வேண்டியதில்லை என்பது இதில் தெரிந்தது. கவனம் நிலைக்காமலும் ஓரிடத்தில் அடங்காமலும் தவிக்கும் ஏடிஎச்டி குழந்தைகளுக்குத் தரப்படும் ஊக்க மருந்துகள் எலிகளில் விளையாட்டு வேட்கையை அடக்கியதையும் கண்டார். அமைதியாக உட்கார முடியாத பிள்ளைகளில் சிலருக்காவது முதலில் தேவைப்படுவது ஓடிப் புரண்டு விளையாட நேரம்தான் என்று அவர் சலிக்காமல் எழுதினார். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். மருந்து இன்றியமையாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எதிர்ப்பு கடைசிவரை இருந்தது. ஜோசப் லெடூ போன்ற நரம்பியலாளர்கள், ஆபத்திலிருந்து காக்கும் மூளைச்சுற்று எலியிடம் இருக்கிறது, ஆனால் ‘அஞ்சுகிறேன்’ என்ற உணர்வு அதற்கு இருப்பதாகச் சொல்ல முடியாது என்றார்கள். எலியிடம் கேட்டறிய வழியில்லை என்பதால் இது நேர்மையான மறுப்பு. ஆனால் எலி எதை நாடுகிறது, எதை விட்டு ஓடுகிறது என்பதும் ஒருவகை வாக்குமூலம்தான் என்ற பாங்க்செப்பின் பதில் எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிவியலாளர்கள், நனவுக்குத் தேவையான நரம்பு அடித்தளம் மனிதருக்கு மட்டும் உரியதன்று என்று அறிவித்தார்கள். அந்த அறிக்கையைச் செப்பனிட்டவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில், விலங்கு நலத்துக்கான பேராசிரியர் இருக்கையில் இருந்தார்.

2016-இல், நாய்க்குட்டிகளின் அழுகையில் தொடங்கிய அந்தச் சிந்தனை மனிதர்களை எட்டியது. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், கடுமையான தற்கொலை எண்ணத்தால் அவதிப்பட்டவர்களுக்கு அபின் வகையைச் சேர்ந்த பியூப்ரெனார்ஃபினை மிக மிகச் சிறிய அளவில் சில வாரங்கள் கொடுத்தார்கள். போலி மருந்து பெற்றவர்களைவிட அவர்களிடம் அந்த எண்ணம் அதிகமாகத் தணிந்தது. பாங்க்செப்பும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார். அடிமையாக்கக்கூடிய மருந்து என்பதால் எச்சரிக்கை நிறையத் தேவைப்படும் பாதை இது.

அதே ஆண்டு நவம்பரில் பெர்லினிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. இஷியாமா, பிரெக்ட் என்ற இருவர், கிச்சுக்கிச்சு மூட்டும்போது எலி மூளையின் தொடுபுலப் பகுதியில் துடிக்கும் நரம்பணுக்களைப் பதிவுசெய்திருந்தார்கள். தொடாமல் அந்தப் பகுதியில் மின்தூண்டல் கொடுத்தபோதும் எலிகள் கீச்சிட்டன. ஆனால் எலியை உயரமான குறுகிய மேடையில் நிறுத்திவிட்டு அதே விரல்களை ஓட்டினால் கீச்சொலி அடங்கிப்போனது; நரம்பணுக்களின் துடிப்பும் தணிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் பாங்க்செப்பும் இதைத்தான் கண்டிருந்தார். பூனையையே பார்த்திராத ஆய்வக எலிகளின் கூண்டில் அவர் ஒரு கொத்துப் பூனைமயிரை வைத்தார். விளையாட்டு அந்தக் கணமே நின்றது. மயிரை எடுத்துவிட்ட பிறகும் அந்த எலிகள் நாட்கணக்கில் முன்போல் விளையாடவில்லை. பெர்லின் ஆய்வு வெளியான ஐந்தாவது மாதத்தில், 2017 ஏப்ரல் 18 அன்று, பௌலிங் கிரீனில் அவர் காலமானார்.