சிங்கம் கொழுக்கும் பஞ்ச காலம்

வறட்சி முற்றினால் ஆப்பிரிக்காவின் சவன்னாப் புல்வெளியில் முதலில் இளைப்பது சிங்கம் அல்ல. புல் கருகி, குட்டைகள் சேறாகி, எருமைகள் எலும்பும் தோலுமாகத் தள்ளாடும் மாதங்கள் அதற்கு விருந்துக் காலம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் வறண்ட ஆண்டுகளில் சிங்கங்களிடம் எருமைகள் அதிகம் சிக்குகின்றன. நல்ல மழை பெய்த ஆண்டுகளிலோ வரிக்குதிரைகளும், மாட்டுத் தலையை மான் உடலில் பொருத்தியது போலிருக்கும் வைல்ட்பீஸ்ட்களும் சிக்குகின்றன. புல் உயர்ந்தால் பதுங்குவது எளிதல்லவா? மழை பெய்தாலும் பொய்த்தாலும் யாரோ ஒருவருடைய தலைக்கு வந்துவிடுகிறது.

வேட்டை விலங்குக்குப் பட்டினி வருவது பிணங்கள் தீர்ந்த பிறகுதான். கென்யாவின் அம்போசெலியில் 2009ஆம் ஆண்டு வறட்சியில் புல்மேயும் விலங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அவை தீர்ந்ததும் சிங்கங்களும் கழுதைப்புலிகளும் மசாய் மக்களின் ஆடுமாடுகள் பக்கம் திரும்பின. மறு ஆண்டு பிப்ரவரியில் கென்ய வனவிலங்குத் துறை வேறிடங்களில் வரிக்குதிரைகளைப் பிடித்து, லாரிகளில் ஏற்றி வந்து அங்கே இறக்கியது. சிங்கங்களுக்கு நிவாரணப் பொருள் வழங்கியது போலத்தான்!

விருந்தே நஞ்சாவதும் உண்டு. தான்சானியாவின் செரங்கெட்டியில் 1993இல் கடும் வறட்சி. நலிந்த எருமைகளின் உடலெங்கும் உண்ணிகள் அப்பிக்கிடந்தன. அவற்றைத் தின்ற சிங்கங்களின் மீது உண்ணிகள் ஏறின. உண்ணிகளோடு பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணியும் ஏறியது. சாதாரணமாகச் சிங்கம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் 1994இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் அங்கே பரவி, சிங்கங்களின் நோயெதிர்ப்பு ஆற்றலை முடக்கியது. அடங்கியிருந்த ஒட்டுண்ணி பெருகியது. சுமார் 3,000 சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு இறந்தது. அதே வைரஸ் வேறு சில ஆண்டுகளிலும் வந்து, பெரிய சாவு எதையும் ஏற்படுத்தாமல் போயிருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனைகள் காட்டின. வைரஸ் மட்டும் வந்தபோது பிழைத்த சிங்கம், வறட்சியும் உண்ணியும் சேர்ந்தபோது வீழ்ந்தது.

இதைவிடப் பெரிய சாவு 1890களில் நடந்தது. கால்நடைகளோடு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த வெக்கை நோய், மாடு, எருமை, வைல்ட்பீஸ்ட் என்று வேறுபாடு பார்க்காமல் வாரிக்கொண்டு போனது. அதன் பிடி பல பத்தாண்டுகள் நீடித்தது. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, 1963 வாக்கில் காட்டிலிருந்து நோய் நீங்கியபோது செரங்கெட்டியில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வைல்ட்பீஸ்ட்கள் இருந்தன. 1977இல் அவை 13 லட்சத்தை எட்டிவிட்டன. ஊசி போட்டது மாட்டுக்கு. பெருகியது காட்டு விலங்கு. இத்தனை வாய்கள் மேய்ந்ததால் காய்ந்த புல் மிஞ்சவில்லை; எரிபொருள் இல்லாததால் காட்டுத்தீ குறைந்தது; தீ குறைந்ததால் மரக்கன்றுகள் தலைதூக்கின.

சிங்கங்களும் கழுதைப்புலிகளும் பெருகத்தான் செய்தன. ஆனால் ஐந்து மடங்கான மந்தையைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அல்ல. மந்தை மழையைத் தேடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. குட்டிகளையும் எல்லையையும் காக்கும் சிங்கம் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மந்தை நீங்கிய மாதங்களில் அங்கே எஞ்சியிருக்கும் இரை எத்தனை சிங்கங்களைக் காப்பாற்றுமோ, ஏறக்குறைய அத்தனைதான் நிலைக்கும். கழுதைப்புலி சற்றுக் கெட்டிக்காரி: குகையில் குட்டிகளை விட்டுவிட்டு நெடுந்தூரம் நடந்து மந்தையை அடைந்து, வயிறு நிறையத் தின்று, பாலூட்டத் திரும்பி வருகிறது.

வலசையின் வழியிலும் சாவு காத்திருக்கிறது. மாரா ஆற்றைக் கடக்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வைல்ட்பீஸ்ட்கள் மூழ்கி இறக்கின்றன. கரையில் காத்திருக்கும் முதலைகள்தாம் எல்லாவற்றையும் தின்கின்றன என்று எண்ணத் தோன்றும். அவற்றுக்குக் கிடைப்பது சொற்பமே. பிணந்தின்னிக் கழுகுகளும் மரபூ நாரைகளும் அதைவிட அதிகமாகத் தின்கின்றன. மீன்களுக்கும் நல்ல பங்கு. சதை சில வாரங்களில் போய்விடுகிறது. எலும்புகள் கரைய ஏழு ஆண்டுகள் வரை ஆகின்றன. அதுவரை அவற்றின் மேல் படரும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலத்தை மீன்கள் கொறித்துக்கொண்டிருக்கின்றன.