முள் குத்தினால் இரண்டு காலுக்கும் வேலை

வெறுங்காலோடு கொல்லைப்பக்கம் நடக்கும்போது நெருஞ்சி முள் குத்துகிறது. கால் மேலே போய்விடும்; ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் அப்புறம்தான் வரும். வலித்ததால் காலைத் தூக்கினோம் என்று நினைத்துக்கொள்கிறோம். வலி தெரியும் முன்பே கால் கிளம்பிவிடுகிறது.

உள்ளங்காலிலிருந்து உணர்வு நரம்பு கொண்டுவரும் செய்தி, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு வந்ததுமே அங்குள்ள இடைநரம்புகள் அதை இயக்க நரம்புகளிடம் தள்ளிவிடுகின்றன. காலை மடக்கும் தசைகள் சுருங்குகின்றன. மூளைக்கும் தகவல் போகிறது, கொஞ்சம் தாமதமாக.

இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். பள்ளிப் புத்தகப் படம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். சுவாரசியமே இனிமேல்தான். மடக்கும் தசை இழுக்கும்போது நீட்டும் தசையும் எதிரே இழுத்தால் கால் நகராது. அதனால் அதைத் தளர்த்தும் உத்தரவும் கூடவே போகிறது. இந்த ஏற்பாட்டை நுணுகி ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சரி, ஒரு கால் திடீரென்று அந்தரத்துக்குப் போனால் ஆள் விழ வேண்டுமே? செய்தி தண்டுவடத்தின் மறுபக்கத்துக்கும் தாவி, முள் குத்தாத காலை விறைத்து ஊன்ற வைக்கிறது. இவ்வளவும் நம்மைக் கேட்காமலே.

டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டுவது இதைவிட எளிய சமாச்சாரம். சில்லுக்குக் கீழே தட்டியதும் தொடைத் தசை ஒரு கணம் நீள்கிறது. அதை அறியும் நரம்பு, இடையில் யாருமின்றி நேராக இயக்க நரம்பைத் தூண்டுகிறது. நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம். தட்டிய 20 மில்லிநொடியில் தசையில் மின்துடிப்பு தெரிந்துவிடும். வலியைச் சுமக்கும் இழைகளில் மெதுவானவையோ நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் ஊரும். கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் ‘சுளீர்’ முதலிலும் ‘விண்விண்’ பின்னாலும் வருவது அதனால்தான்.

மூளைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாம்பார்ப் பாத்திரத்தை இறக்கும்போது பிடிதுணி நழுவி விரல் சுட்டாலும், கீழே குழந்தை நின்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையில் வைத்துவிட்டுத்தான் கையை உதறுகிறோம். மேலிருந்து வரும் தடை உத்தரவு தண்டுவடத்தைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கிறது. சுத்தியலால் தட்டியும் சிலருக்குக் கால் துள்ளாது. அப்போது டாக்டர் இரு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுக்கச் சொல்வார். இழுத்துக்கொண்டிருக்கும்போது தட்டினால் பல நேரம் துள்ளிவிடும்.