மூடி போட்டால் நொதித்தல் நிற்காது

"மிஸ், இதைவிடத் தடிப்பான போத்தல் எங்கே எடுக்கலாம்?"

கிளிநொச்சிப் பக்கத்தில் சிறு உணவு உற்பத்தியாளர்களுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்வது என் வேலை. ஜாம், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் வரும். கொஞ்சக் காலமாக நொதிக்கிற பானங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஒருவர் இஞ்சி பியர் என்பார், ஒருவர் பனங்கள்ளில் புதிதாக ஏதோ செய்கிறேன் என்பார், இன்னொருவர் ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் அனுப்பிய, வீட்டிலேயே பியர் வடிக்கிற பெட்டியைக் கொண்டுவந்து கிராஃப்ட் பியர் என்பார். மேலே உள்ள கேள்வியைப் போன கிழமை கேட்ட தம்பிக்கு, அடைத்து வைத்த போத்தல் வெடித்துக் கன்னத்தில் தையல், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. அவருக்கு முன்னால் வந்தவருக்கு உள்ளங்கை கிழிந்திருந்தது. போத்தலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். போத்தலுக்குள் இருப்பதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

"மூடியை இறுக்கிவிட்டேன் மிஸ், இனிக் காற்றுப் போகாது, அதோடு பொங்கிறது நின்றுவிடும்தானே?" நிற்காது. தயவுசெய்து இதை ஒருதரம் சத்தமாக வாசியுங்கள்: நிற்காது. சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்ற ஈஸ்டுக்குக் காற்றுத் தேவையே இல்லை. காற்றில்லாத இடம்தான் அந்த வேலைக்குத் தோதானது. நீங்கள் மூடியை இறுக்கியதும் வாயு வெளியேறும் வழி மட்டும் அடைபட்டது, உள்ளே தொழில் அப்படியே நடக்கிறது. சீனி முடிய வேண்டும், அல்லது ஈஸ்ட் சாக வேண்டும். மூடியை இறுக்குவதால் அது நிற்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் வேகம்தான் குறையும். எடுத்து வெளியில் வைத்த அன்றைக்கே மறுபடி தொடங்கும். கரண்ட் போனால் வெளியில் எடுக்கவும் தேவையில்லை.

நம்பிக்கை வராவிட்டால் உங்கள் ஊர்ச் சீவல்காரரிடம் கேளுங்கள். கள்ளு முட்டியை அவர் இறுக்கி மூடிக் கண்டிருக்கிறீர்களா? நுரை வழிய விட்டபடிதான் கொண்டுவருவார். கருப்பநீர், அதாவது புளிக்காத இனிப்பான பதநீர் வேண்டும் என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார். மூடி போட்டால் நிற்கும் என்றால் அந்த மனிதர் ஏன் மரத்துக்கு மரம் சுண்ணாம்பைக் காவிக்கொண்டு ஏறுகிறார்? எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யூரியூப்பில் பியர் வடிக்கப் படித்தவர்களுக்குத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு உண்டாகும். கடையில் வாங்குகிற பியரில் லீற்றருக்கு இரண்டரை லீற்றர் அளவில் வாயு இருக்கிறது. 30 பாகைச் சூட்டில் அது மட்டுமே போத்தலுக்குள் கார் டயரில் இருப்பதைவிடக் கூடிய அழுத்தத்தைத் தரும். நீங்கள் இஞ்சி பியருக்கு லீற்றருக்கு 100 கிராம் சீனி போடுகிறீர்கள். இனிப்பு இருக்கும்போதே போத்தலில் அடைக்கிறீர்கள், இனிப்பாக இருந்தால்தானே சனம் வாங்கும். அந்தச் சீனி முழுவதும் நொதித்தால் 25 லீற்றர் வாயு. பிரான்சில் சம்பேனைப் போத்தலுக்குள் இரண்டாம் தரம் நொதிக்க விடும்போது லீற்றருக்கு 24 கிராம் அளவில்தான் சீனி சேர்ப்பார்கள். அதற்கே அவ்வளவு கனத்த போத்தல், கம்பிக் கூடு கட்டிய தக்கை. ஆகவே தடிப்பான போத்தல் எங்கே எடுக்கலாம் என்று என்னைக் கேட்க வேண்டாம். உங்கள் பானத்துக்கு அப்படி ஒரு போத்தல் கிடையாது.

இங்கே பாவிக்கப்படுவது பெரும்பாலும் கழுவிய சாராயப் போத்தல். அது வாயுவுக்காகச் செய்யப்பட்ட போத்தலே இல்லை. தட்டையான கால் போத்தல் இன்னும் மோசம், தட்டையான சுவர்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். பழைய பியர்ப் போத்தல் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கீறல் விழுந்த போத்தலும் வாய் விளிம்பு உடைந்த போத்தலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். இதெல்லாம் சோளகக் காற்று அடிக்கிற வெக்கையான மாதத்தில் தகரக் கொட்டிலுக்குள் அடுக்கி வைக்கப்படுகிறது. பிறகு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏறிக் கிரவல் ரோட்டால் போகிறது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் நிற்பதும் வெடிக்கும். ஒரு போத்தலில் நின்றால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

வெடிக்காவிட்டாலும் ஆறுதல்பட வேண்டாம். 100 கிராம் சீனி நன்றாக நொதித்தால் வருவது பியரளவு மதுசாரம், ஐந்து வீதத்துக்கும் மேலே போகும். லேபிளில் "மதுசாரம் அற்றது" என்று அச்சடித்து, வற்றாப்பளைப் பொங்கலிலும் மடுத் திருவிழாவிலும் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு நீங்கள் விற்பது அதைத்தான். மதுவைத் தொடாத குடும்பங்களும் உங்கள் லேபிளை நம்பித்தான் வாங்குகின்றன. கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்க்காமல் அந்த இரண்டு சொல்லையும் அச்சடிக்காதீர்கள். அடைத்த அன்றைய போத்தலை மட்டும் அனுப்பாமல், வெயில் கண்டு இரண்டு கிழமை இருந்த போத்தலையும் சேர்த்து அனுப்புங்கள்.

இனி, பியர்தான் என் கனவு என்று சொல்லும் தம்பிமாருக்கு. பெட்டியைப் பிரிக்க முதல் மதுவரித் திணைக்களத்துக்குப் போங்கள். 1912-ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். "கொஞ்சமாகத்தானே", "சிநேகிதருக்குத்தானே" என்பதெல்லாம் வழக்கில் எடுபடாது. சோதனைக்கு வருகிற பொலிசாருக்கு உங்கள் கிராஃப்ட் பியர்ப் பீப்பாவும், கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் வடிக்கப் புளிக்கவைக்கும் கோடாவும் ஒன்றுதான், மணத்தைப் பிடித்து வித்தியாசம் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. கடன் எடுத்துத் தாங்கி வாங்கிய பிறகு அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்க வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமா கவலையா என்று தெரியவில்லை.

வியாபாரத்தை வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கும் வெளிநாட்டு வீடியோவில் பதில் தேடாதீர்கள். பேஸ்புக் பக்கம், இசை நிகழ்ச்சிக்கு அனுசரணை என்று அங்கே சொல்வார்கள். 2006-ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான சட்டப்படி இங்கே மதுபான விளம்பரம் தடை, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும் தடை. பியருக்கு வேண்டிய மோல்ற்றும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹொப்ஸும் (கசப்புக்குப் போடும் பூ) இறக்குமதி. ஏல் வகைப் பியருக்கான ஈஸ்டுகளில் அநேகமானவை 18 முதல் 22 பாகைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும், எங்கள் அறைச்சூடு 30-க்கு மேலே. அந்தச் சூட்டில் நொதித்தால் தொண்டையைக் கீறும் சாராய நெடிதான் மிஞ்சும். 20 லீற்றர் வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சமாளிக்கலாம். 500 லீற்றர் தாங்கி தானே சூடாகும், அதைக் குளிர்விக்கிற மின்சாரச் செலவை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் லோகோ கீறுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு ஐதரோமீற்றர் வாங்குங்கள், பானத்தின் அடர்த்தியை அளந்து சீனி இன்னும் நொதிக்கிறதா என்று காட்டும் கருவி அது. விலை பெரிதில்லை. மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டும்வரை போத்தலில் அடைக்கக் கூடாது. குமிழி நின்றுவிட்டது என்பது கணக்கில்லை. அதன் பிறகு வாயுவுக்காகச் சீனி சேர்ப்பதென்றால் தராசில் எடை பார்த்துச் சேருங்கள், லீற்றருக்கு 6 கிராம் அளவில். கரண்டிக் கணக்கு வேண்டாம், அம்மாவின் கைக்கணக்கும் வேண்டாம். இனிப்பான பானம் விற்க வேண்டுமா, ஈஸ்டையே விட்டுவிடுங்கள். இஞ்சிச் சாற்றைக் காய்ச்சி ஆறவிட்டு, இயந்திரத்தால் வாயு ஏற்றிச் சோடாப் போத்தலில் அடையுங்கள். "இயற்கையான கேஸ் இல்லையே மிஸ்" என்று முகம் சுளிக்காதீர்கள், குடிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நொதிக்கிற பானத்தில் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலையும் நிரப்பி வையுங்கள். அது கல் மாதிரி இறுகினால் கண்ணாடிப் போத்தல்களும் அதே நிலைதான். அடைத்த போத்தலை வெந்நீரில் போட்டு ஈஸ்டைக் கொல்கிறேன் என்று மட்டும் தொடங்காதீர்கள். வாயு ஏறிய போத்தலைச் சூடாக்கினால் வெடிக்கும், கொதிநீரோடு வெடிக்கும்.

கண்ணில் துண்டு பட்டால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், இழுத்து எடுக்காதீர்கள். அழுத்தாமல் ஒரு கடதாசிக் கப்பைக் கவிழ்த்து மூடி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்ரி வீட்டில் இருக்கிற சொட்டு மருந்தும் வேண்டாம்.

இதை வாசிக்கும்போது வீட்டில் அப்படிப்பட்ட போத்தல் அடுக்கி வைத்திருந்தால் இன்றைக்கே கவனியுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தடித்த சாக்கை நனைத்து மேலே போட்டு மூடி, வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, இரவு சூடு தணியும்வரை விடுங்கள். பிறகு முகத்தை முழுதாக மறைக்கிற கவசமும் தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, துணி சுற்றி, ஒவ்வொன்றாக மெல்லத் திறந்து ஊற்றுங்கள். ஆட்டவோ உருட்டவோ வேண்டாம். காசு போகிறதே என்று ஒன்றிரண்டை மிச்சம் வைக்க வேண்டாம். எனக்குக் காட்டவென்று பஸ்ஸில் கொண்டுவரவும் வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும்.