மட்டு அல்ல, கட்டகம்

சிறு பட்டறைகளைக் கட்டுமானத் துறையோடு இணைப்பதாகச் சொல்லும் பயிலரங்கு அழைப்பிதழ்களில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது: 'மட்டு கட்டுமான விநியோகச் சங்கிலி'. தொழிற்சாலையில் செய்து முடித்த அறைகளை மனையில் அடுக்கும் வீடுகளுக்குப் பாகங்கள் செய்து தருகிறவர்களின் வரிசையைக் குறிக்கும் 'மாடுலர் கன்ஸ்ட்ரக்‌ஷன் சப்ளை செயின்' என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு அது. யாருக்காக அச்சடித்தார்களோ அவருக்கே புரியாத தமிழ் இது. அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ தகடு வளைக்கும் இயந்திரத்தையும் நான்கு வெல்டர்களையும் வைத்துப் பட்டறை நடத்துகிறவர் இதைப் படித்தால், இது தனக்கான அழைப்பு என்று அவருக்கு எப்படித் தோன்றும்? இந்தத் தொடரில் பழுதில்லாமல் இருக்கும் சொல் கட்டுமானம் மட்டுமே. மட்டு முழுத் தவறு. விநியோகச் சங்கிலி, தவறு என்றே பலருக்குத் தெரியாத தவறு.

'மாடுலர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'மோடுஸ்'. அதற்கு அளவு என்று பொருள். அதன் குறுமை வடிவம் 'மோடுலுஸ்', சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தூணின் பருமனை வைத்துக் கோயிலின் மற்ற அளவுகளைக் கணக்கிட்டபோது அந்த அடிப்படை அளவுக்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். 'மாடல்' இதே வேரில் கிளைத்தது. இருபதாம் நூற்றாண்டில் சொல்லின் பொருள் நகர்ந்தது. மாண்ட்ரியலில் 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கி எழுப்பிய 'ஹேபிடாட் 67', டோக்கியோவில் 1972இல் 140 அறைப்பெட்டிகளை இரண்டு கோபுரங்களில் மாட்டிய நகாகின் கட்டடம் ஆகியவற்றின் காலத்துக்குள் 'மாட்யூல்' என்பது அளவைக் குறிப்பதிலிருந்து, அந்த அளவில் செய்து முடித்த பொருளைக் குறிப்பதற்கு மாறிவிட்டது. இன்று மாடுலர் கட்டுமானம் என்றால், தரை, சுவர், கூரை, வயரிங், குழாய், டைல்ஸ் உட்பட ஓர் அறையைத் தொழிற்சாலையிலேயே முடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி அடுக்குவது.

மட்டு என்ற மொழிபெயர்ப்பு இந்த நகர்வைக் கவனிக்கவில்லை. அது வந்த வழியும் தெளிவாகவே தெரிகிறது. கணிதப் பாடநூல்களில் 'மாடுலஸ்' என்பதற்கு மட்டு என்றே எழுதுகிறோம். மட்டு எண்கணிதம் பத்தாம் வகுப்பிலேயே வருகிறது. இலங்கையில் யங்கின் மட்டு என்று இயற்பியலிலும் படிக்கிறார்கள். அங்கெல்லாம் அது பொருத்தமான சொல். மட்டு என்றால் அளவு, எல்லை. லத்தீன் வேரோடு இவ்வளவு நெருங்கி நிற்கும் தமிழ்ச் சொல் கிடைப்பது அரிது. கணித ஆசிரியர்கள் நன்றாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு இயந்திர மொழிபெயர்ப்பு வந்தது. 'மாடுலர்' என்று கண்ட இடத்திலெல்லாம், அது கணக்கா கட்டடமா என்று பாராமல், மட்டு என்று கொட்டியது. அதைத் திருத்தாமல் வாங்கி அச்சுக்குக் கொடுத்தவர்கள் மனிதர்கள். என் கோபம் அவர்கள்மீதுதான்.

வேர் ஒத்துப்போகிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரு சொல்லின் தாத்தா யார் என்பதை அகராதி சொல்லும். இன்று அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பேசுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். தமிழில் மட்டு இன்று செய்யும் வேலை குறைப்பது, அடக்குவது. மட்டுப்படுத்து, மட்டுமீறிய, மட்டுமரியாதை இல்லாமல், கட்டும் மட்டுமாகக் குடும்பம் நடத்துவது என்று எல்லாவற்றிலும் ஒரு வரம்பு இருக்கிறது. தொட்டுக் காட்டக்கூடிய பொருள் எதுவும் இல்லை. மட்டு ஒன்றைக் கையால் தொட முடியாது, லாரியில் ஏற்ற முடியாது. 'மூன்று மட்டுகள் வந்து இறங்கின' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நிற்கவில்லை.

அதன் அண்டை வீட்டுச் சொற்கள் இன்னும் கேடு செய்கின்றன. கொத்தனாருக்கு மட்டம் என்றால் ரசமட்டம் வைத்துப் பார்க்கும் சமநிலை. கடைக்காரருக்கு மட்டம் என்றால் தாழ்ந்த தரம். புதிய முறையில் கட்டிய வீட்டை நம்பி வாங்கலாமா என்று மக்கள் தயங்கும் காலத்தில் அதற்கு 'மட்டு வீடு' என்று பெயர் வைப்பது, மட்டமான வீடு என்று நாமே விளம்பரம் செய்வதற்குச் சமம். சந்தி சேர்த்து முறையாக எழுதினால் நிலைமை இன்னும் மோசம். மட்டுக்கட்டுதல் என்றால் ஈழத் தமிழில் இன்னாரென்று அடையாளம் காண்பது, ஊகிப்பது. 'ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை' என்பது அங்கே அன்றாடப் பேச்சு. அங்குள்ள நாளிதழ்களில் மட்டு என்பது மட்டக்களப்பின் சுருக்கமும்கூட. மட்டு. மாவட்டம், மட்டு. மாநகரசபை என்று தினமும் தலைப்புகள் வரும் நாட்டில் 'மட்டு கட்டுமானத் திட்டம்' என்று போட்டால், மட்டக்களப்பில் ஏதோ கட்டப் போகிறார்கள் என்றுதான் படிப்பார்கள். சங்கப் பாடல்களில் மட்டு என்றால் கள். அதை இங்கே இழுக்க மாட்டேன், யாரும் அப்படிக் குழம்பப் போவதில்லை. மற்றக் குழப்பங்கள் எல்லாம் மெய்யானவை.

கட்டடத் துறையிலேயே மட்டுக்கு நியாயமான ஓர் இடம் உண்டு. 100 மில்லிமீட்டரை அடிப்படை அளவாகக் கொண்டு கட்டடத்தின் எல்லா அளவுகளையும் அதன் மடங்குகளாக அமைக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த 190×90×90 மில்லிமீட்டர் செங்கல் அந்தக் கணக்கில் வந்தது. சாந்தையும் சேர்த்தால் 200×100×100. அந்தச் செங்கல்லை மட்டுச் செங்கல் என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. அங்கே 'மாடுலர்' உண்மையிலேயே அளவைத்தான் குறிக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தந்தால் தமிழில் இரண்டு சொல் வேண்டும்.

இது அகராதிக்காரர்களின் வீண் சண்டை என்று நினைப்பவர்கள், மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' வீட்டுத் திட்டத்தைப் பார்க்கட்டும். 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் அடிக்கல் நாட்டினார்கள். ஒவ்வொரு நகரத்திலும் வெவ்வேறு கட்டுமான முறை. சென்னைப் பெரும்பாக்கத்தின் 1,152 வீடுகளுக்குத் தூண், உத்தரம், தளம் ஆகியவற்றை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பூட்டினார்கள். இந்தூரில் இடையில் காப்புப் பொருள் வைத்த சுவர்ப் பலகைகள். ராஞ்சியில் முழு அறைகளையே கான்கிரீட்டில் வார்த்து அடுக்கினார்கள். இவற்றில் 'மாடுலர்' என்ற சொல் ராஞ்சிக்குத்தான் பொருந்தும். தமிழ்ச் செய்திகளில் மூன்றையும் மட்டு என்றோ ரெடிமேட் என்றோ ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

பட்டறைக்காரருக்கு இந்த வேறுபாடுதான் பிழைப்பு. பெரும்பாக்கம் மாதிரி வேலை வந்தால் அவர் செய்ய வேண்டியவை இரும்பு அச்சுகள், கான்கிரீட்டுக்குள் பதிக்கும் தகடுகள், தூக்குக் கொக்கிகள். ராஞ்சி மாதிரி வேலை என்றால் அதற்கு மேலும் உண்டு: கதவு, ஜன்னல், அளந்து வெட்டிய குழாய்த் தொகுப்பு, முன்கூட்டியே கட்டிய வயரிங், சில நேரம் முழுக் குளியலறை. சிங்கப்பூரில் 2019இல் முடிந்த நாற்பது மாடி 'கிளெமென்ட் கேனபி' குடியிருப்பின் 1,899 பெட்டிகளுக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள செனாயில் கான்கிரீட் வார்த்தார்கள். உள்வேலையைச் சிங்கப்பூரின் துவாஸில் முடித்தார்கள். பிறகே மனைக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் இருக்கும் அந்த உள்வேலைக் கட்டத்தில்தான் சிறு நிறுவனங்களுக்கு வாசல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் செய்யப் பார்த்த அமெரிக்காவின் கட்டெரா நிறுவனம் 2021இலும் இங்கிலாந்தின் இல்கே ஹோம்ஸ் நிறுவனம் 2023இலும் நொடித்துப்போயின. ஆர்டர் தொடர்ந்து வராவிட்டால் பெரிய தொழிற்சாலையே தாங்காது. எந்த முறைக்கு, யாருக்காக, எந்தப் பாகத்தைச் செய்கிறோம் என்று தெரியாமல் கடன் வாங்கி இயந்திரம் போடுகிறவர் என்ன ஆவார்?

அப்படியானால் சரியான சொல் எது? தொகுதி என்பார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமன்றத்துக்குப் போய்விட்டது. 'தொகுதி வீடுகள்' என்றால் எம்.எல்.ஏ. கொடுக்கும் வீடு என்று நினைப்பார்கள். கூறு என்ற சொல் பாகங்களுக்குத் தேவைப்படுகிறது. மாடுலர் என்றே எழுதலாம் என்போருக்கு ஒன்று சொல்வேன்: அந்தச் சொல்லை மாடுலர் கிச்சன் எப்போதோ எடுத்துக்கொண்டது. நம் ஊரில் மாடுலர் என்றால் லேமினேட் ஒட்டிய அலமாரி.

கட்டகம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. பள்ளிக் கல்வித் துறை பயிற்சிக் கட்டகம் என்று ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பாடப்பகுதி ஆங்கிலத்தில் 'மாட்யூல்'தான். தனியே முழுமையானது, மற்றவற்றோடு சேரக்கூடியது என்ற கருத்து அதில் இருக்கிறது. கட்டு, அகம் என்று பிரித்தால் கட்டிய வீடு என்றே பொருள் வருகிறது. அதைவிடப் பெரிய ஆதரவு பழைய வீடுகளில் கிடைக்கிறது. செட்டிநாட்டில் முதற்கட்டு, இரண்டாம் கட்டு என்கிறார்கள். மூன்று கட்டு வீடு என்றால் விளக்கமே தேவையில்லை. வீட்டின் தனித்தனிப் பகுதிக்குக் கட்டு என்ற பெயர் முன்பே இருக்கும்போது, அந்தப் பகுதியைத் தொழிற்சாலையில் செய்தால் அது கட்டகம். கட்டகக் கட்டுமானம் என்பது நாக்கில் இடறுகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அது உண்மைதான். கட்டக முறை வீடு, கட்டக வீடு என்று சொல்லலாம். குளியலறைக் கட்டகம் இன்னும் எளிது. பெரும்பாக்கம் முறைக்கு முன்வார்ப்பு என்றும், இந்தூர் முறைக்குப் பலகை முறை என்றும் பிரித்து எழுதினால் மூட்டை அவிழ்ந்துவிடும்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'டாலரன்ஸ்' என்பதை, அதாவது ஒரு பாகத்தின் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பை, சகிப்புத்தன்மை என்று எழுதுகிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் சகிப்புத்தன்மை! பட்டறையில் எல்லோரும் டாலரன்ஸ் என்றே சொல்கிறார்கள், வரைபடத்திலும் அப்படித்தான் படிக்கிறார்கள். கட்டகத்தில் அது உயிர்நாடியான செய்தி. மனையில் கட்டும் வீட்டில் கதவுச்சட்டம் சற்றுப் பிசகினால் மேஸ்திரி சாந்து பூசிச் சரிக்கட்டிவிடுவார். தொழிற்சாலையில் அந்தச் சட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அளவுக்குறிப்பு புரியாமல் போனால் நட்டம் பட்டறைக்கு.

இனி விநியோகம். ஒருவரிடம் இருப்பதைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் விநியோகம். கோயிலில் பிரசாத விநியோகம், ஊரில் குடிநீர் விநியோகம். சிமென்ட் ஏஜென்சிக்காரர் விநியோகஸ்தர். கதவுச்சட்டம் செய்து தொழிற்சாலைக்குக் கொடுக்கிறவர் விநியோகம் செய்யவில்லை, வழங்குகிறார். அவர் வழங்குநர், அவர் நிற்கும் வரிசை வழங்கல் சங்கிலி. இலங்கையில் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லில் பணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் 'சப்ளையர்' என்று வரையறுப்பது, பதிவு செய்துகொண்ட குறு, சிறு நிறுவனங்களை. பொருளை வாங்கி ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட தவணை எழுதியிருந்தாலும் செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி. இதைத் தமிழில் விநியோகஸ்தர் என்று பெயர்த்துக் கொடுத்தால், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் 'நான் ஏஜென்சி எடுக்கவில்லையே' என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார். அவர் பணம் கேட்டு அனுப்பிய பில் ஆறு மாதம் பெரிய ஒப்பந்ததாரரின் மேசையில் கிடக்கும். பட்டறைக்காரரும் போன் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.