அப்பாவின் சக்கர நாற்காலியைக் கொடுப்பதற்கு முன்

போன வாரம் ஒரு முதியோர் இல்லத்தில் பாட்டி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டவர். 38 கிலோ இருந்தால் அதிகம். அவரை உட்காரவைத்திருந்த சக்கர நாற்காலியில் இரண்டு பக்கமும் என் கை தாராளமாக நுழைந்தது. விழுந்த பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து, விலாவில் கைப்பிடி அழுந்திக் கன்றிப்போயிருந்தது. சீட் துணி தூளி மாதிரித் தொய்ந்து கிடந்தது. பாட்டியைத் தூக்கிப் பார்த்தால், வால் எலும்புக்கு மேலே ஐம்பது பைசா அகலத்தில் புண்.

"யாரோ புண்ணியவான், அவங்க அப்பா காரியம் முடிஞ்ச மறுநாளே கொண்டாந்து குடுத்தாங்க மேடம்" என்றார் அங்கே பார்த்துக்கொள்கிற அம்மா.

பொருந்தாத நாற்காலியால் இப்படி அவதிப்படுபவர்களில், மூன்று மாதத்தில் நான் பார்க்கிற நாலாவது ஆள் இந்தப் பாட்டி. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். அரைமணி நேரம் செலவழித்துப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

பெரியவர் போனபின் அவர் கட்டில், வாக்கர், சக்கர நாற்காலியெல்லாம் கண்ணில் படும்போது நெஞ்சை அடைக்கும். பதினாறாம் நாள் முடிந்ததும் ஒழித்துவிடத் தோன்றும். சிலர் போகி வரை பரணில் போட்டுவைத்து, துருவோடு அப்படியே தூக்கிக் கொடுப்பார்கள். கேட்டால் ஒரே பதில்: "ஒண்ணுமில்லாததுக்கு இது மேல்தானே?"

இல்லை. இந்த ஒரு வார்த்தையோடுதான் பல வருடமாக மல்லுக்கட்டுகிறேன். பழைய சேலை பொருந்தாவிட்டால் உடுத்தாமல் வைத்துவிடலாம். பொருந்தாத நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவரால் எழுந்து போக முடியாது. எழ முடியாதவர் என்பதால்தானே அதில் உட்காரவைக்கிறார்கள்? உணர்ச்சி குறைந்த உடம்புக்கு வலியும் தெரியாது, யாரையும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார். இன்னொரு கெடுதலும் உண்டு. எதுவுமே இல்லாதவருக்காக வீட்டார் நாலு இடத்தில் மனு கொடுப்பார்கள். ஓட்டை நாற்காலி ஒன்று வந்துவிட்டால், "அதான் வண்டி இருக்கே" என்று அதோடு விட்டுவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே கைச் சக்கர நாற்காலிகளுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உட்காருகிறவரை அளந்து பார்ப்பதும், பொருத்திக் கொடுப்பதும், ஓட்டக் கற்றுத்தருவதும் அதில் தனித்தனிப் படிகள். நாம் வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

சக்கர நாற்காலியைக் கொடுக்கும் முன் சீட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி நாற்காலியில் ஒட்டுங்கள். பெரும்பாலும் 18 அங்குலம் இருக்கும். உட்காருகிறவர் இடுப்புக்கு இருபுறமும் ஒரு விரற்கடை இடம் விட்டால் போதும். பிரேக்கைப் போட்டு, ஆளை உட்காரவைத்துத் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் கொடுக்காதீர்கள். கால் தட்டு இரண்டும் இருக்கிறதா? ஒன்று பரணிலேயே கிடக்கும், தேடுங்கள்.

ஊன்றுகோலையும் வாக்கரையும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள ரப்பர் புஷ் ஒரு பக்கம் தேய்ந்து, உள்ளிருக்கும் அலுமினியக் குழாய் பளபளவென்று தெரிந்தால், ஈர மொசைக் தரையில் அது சறுக்கும். அப்படிச் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை நடக்கவைக்க நான் மாதக்கணக்கில் பாடுபட்டிருக்கிறேன். சர்ஜிக்கல் கடையில் புது புஷ் கிடைக்கும், விலையும் குறைவுதான். வாக்கரின் உயரம் மாற்றும் பொத்தான்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுத் தளர்த்துங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ, அங்கே கைப்பிடி வர வேண்டும். யார் வாங்கினாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

படுக்கைப் புண் வராமலிருக்கப் போடுகிற காற்று மெத்தையை (ஏர் பெட்) ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒருவரைப் படுக்கவைத்து, இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் அது வெறும் பாய்தான், படுக்கைப் புண்ணைத் தடுக்காது.

காது மிஷின், மூக்குக் கண்ணாடி, காலுக்கென்று அளவெடுத்துச் செய்த பட்டை, இவற்றை நேராக இன்னொருவருக்கு மாட்டிவிடாதீர்கள். அந்தந்தத் துறையாளர் பார்த்துத் தரட்டும். மூச்சுத் திணறலுக்கு மருந்தைப் புகைபோல் தருகிற நெபுலைசரின் மாஸ்க்கும் டியூபும் குப்பைக்கு. மிச்ச மாத்திரையைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

யாரிடம் கொடுப்பது? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் செவிலியரும் வீடு வீடாகப் போகிறார்கள். எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இல்லத்துக்கே கொடுப்பதென்றால் முதலில் போன் பண்ணி, "உங்களுக்கு என்னம்மா தேவை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாட்டிக்கு 16 அங்குல நாற்காலியும் ஒரு குஷனும் ஏற்பாடு செய்தாயிற்று. புண் ஆற இன்னும் சில வாரமாகும். பழைய நாற்காலிக்குப் புதுச் சீட் துணி தைக்கக் கொடுத்திருக்கிறோம். அதே இல்லத்தில் ஆறடி உயரத்தில் ஒரு ஐயா இருக்கிறார், டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டேன், அவருக்குச் சரியாக வரும்.