ஹாஃப்-ஹியூஸ்லர் கால் எங்கே உடைகிறது?

வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் வெப்பமின் பொருள்களில் ஹாஃப்-ஹியூஸ்லர் என்ற சேர்ம வகை மிக உறுதியானது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கால் என்பது சாதனத்தில் நிற்கும் அந்தப் பொருளின் சிறு தூண். அது பாதி உண்மைதான். சிர்கோனியம்-நிக்கல்-டின், நியோபியம்-இரும்பு-ஆன்டிமனி போன்றவற்றின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 200 கிகாபாஸ்கலை ஒட்டி, ஏறக்குறைய எஃகுக்கு நிகராக இருக்கிறது. வழக்கமான வெப்பமின் பொருளான பிஸ்மத் டெலுரைடைவிடக் கடினத்தன்மையும் பல மடங்கு அதிகம். ஆனால் விரிசலைத் தடுக்கும் திறன் (முறிவுத்திறன்) 1.5 முதல் 2 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர்தான். ஜன்னல் கண்ணாடிக்கே 0.7 உண்டு.

விறைப்பு அதிகமானால் வெப்பத் தகைவும் ஏறும். வெப்ப விரிவுக் குணகம் டிகிரிக்கு 10 மைக்ரோ (மில்லியனில் 10 பங்கு), பாய்சான் விகிதம் (நீளும்போது பக்கவாட்டில் சுருங்கும் அளவு) 0.22 என்று வைத்தால், எல்லாப் பக்கமும் இறுகப் பிடித்த பரப்பில் 100 டிகிரி வேறுபாடே சுமார் 250 மெகாபாஸ்கல் தகைவைத் தரும். ஆனால் முனைகள் பிடிபடாத காலில் சீரான வெப்பச்சரிவு தகைவே தராது. ஆபத்து இருப்பது காலைச் செம்பு மின்முனையோடு பற்றவைக்கும் இணைப்பில்.

வெள்ளி-செம்புப் பற்றாசு 780 டிகிரியில் உருகும். அங்கிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது செம்பு (17 மைக்ரோ) காலைவிட அரை சதவீதம் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு 10 மைக்ரான். மெல்லிய செம்பு நெகிழ்ந்து கொடுக்கும், தடித்த செம்பு காலை இழுக்கும். விரிசல் மூலையில் தொடங்கி, பற்றாசை விட்டுச் சற்றுத் தள்ளி, காலுக்குள்ளேயே இணைப்புக்கு இணையாக ஓடும். உடைந்த பரப்பில் பொருளின் மெல்லிய சில்லு பற்றாசோடு ஒட்டியிருந்தால், பற்றாசு பிடிக்கவில்லை என்று அதைக் குறை சொல்வது தவறு. இடையில் மாலிப்டினம் அல்லது டைட்டானியம் தகடு வையுங்கள். மெதுவாகக் குளிரவிடுங்கள்.

அடுத்தது வெட்டும் விதம். 100 மெகாபாஸ்கல் இழுதகைவில், முறிவுத்திறன் 1.7 என்றால், 70 மைக்ரான் ஆழமுள்ள பரப்பு விரிசலே காலை முறிக்கும். மின்பொறியால் வெட்டும் வயர் கட்டிங் விட்டுச்செல்லும் உருகி உறைந்த படலத்திலும், வைரத் தகடு தெறிக்கவைத்த விளிம்பிலும் விரிசல்கள் தயாராகக் காத்திருக்கும். நான்கு பக்கமும் தேய்த்து, விளிம்புகளைச் சற்றே மழுக்கிய பிறகே இணைக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் அவசரத்தில் பலர் விடுகிறார்கள்.

கடினத்தன்மையை அளக்க வைர முனையால் பதிக்கும் விக்கர்ஸ் அச்சின் மூலை விரிசலை அளந்து முறிவுத்திறனை அறிவிப்பது தோராயம்தான். காடி வெட்டிய பட்டையை வளைத்து அளப்பதே நம்பகம். துளைகள் மிஞ்சிய மாதிரியில் எல்லா எண்ணும் இறங்கும், ஆகவே முதலில் அடர்த்தியைப் பாருங்கள். வலிமைக்கு மூன்று பட்டைகளின் சராசரி போதாது. 20, 30 பட்டைகளை உடைத்து வெய்புல் பரவலை, அதாவது வலிமை பட்டைக்குப் பட்டை எவ்வளவு மாறுகிறது என்பதை, பார்க்க வேண்டும்.

சூடேற்றிக் குளிர்விக்கும் சோதனையில் மின்தடையைச் சூடாக இருக்கும்போது மட்டும் அளக்காதீர்கள். பற்றாசு வெப்பநிலையை நெருங்கும்போது தகைவு தளரும், விரிசல் வாயும் மூடியிருக்கலாம். அறை வெப்பநிலைக்கு முழுதாக இறங்கிய பின் அதே காலை மறுபடி அளந்தால்தான் தடை ஏறியிருப்பது தெரியும்.