வர்ஜீனியாவின் 94ஆம் தொகுதி: ஒரு வாக்கும் ஓர் எல்லைக்கோடும்

ஜேம்ஸ் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே நியூபோர்ட் நியூஸ் நகரம் நீளவாக்கில் கிடக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்கள் அத்தனையும் இங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை. வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் 94ஆம் தொகுதி இந்நகரின் ஒரு பகுதியாக இருந்தது. 2017இல் அங்கு இரு வேட்பாளர்கள் சமமான வாக்குகள் பெற்று, சீட்டுக் குலுக்கலில் வெற்றி முடிவான செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. குலுக்கலைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தத் தொகுதியின் எல்லைக்கோடு எப்படி வரையப்பட்டது என்று யாரும் பேசவில்லை. நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

வர்ஜீனியாவின் கீழவையில் 100 இடங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் தேர்தல் நடக்கும். 2010 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 80 லட்சத்துக்குச் சற்று மேல். ஆக ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 80,000 பேர். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் எந்த 80,000 பேர் என்பதை 2011இல் சட்டமன்றமே தீர்மானித்தது. அரசியல் முழுவதும் அந்தத் தேர்வுக்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலா 100 வாக்காளர்கள் கொண்ட மூன்று தொகுதிகள். 'அ' கட்சிக்கு மொத்தம் 170 ஆதரவாளர்கள், 'ஆ' கட்சிக்கு 130. முதல் தொகுதியில் 'அ' ஆதரவாளர்கள் 80 பேரைத் திணித்துவிட்டால், மற்ற இரண்டிலும் 45 பேர் வீதம்தான் மிஞ்சுவார்கள். பாதிக்கும் மேற்பட்ட மக்களின் ஆதரவு பெற்ற 'அ' ஓரிடத்தில் வெல்கிறது; 'ஆ' இரண்டில் வெல்கிறது. ஒரு வாக்கைக்கூடத் திருட வேண்டியதில்லை, கோட்டை நகர்த்தினால் போதும்.

2011 வரைபடத்தில் 12 தொகுதிகளுக்கு ஒரு குறியிலக்கு வைத்தார்கள்: வாக்களிக்கும் வயதுள்ளோரில் குறைந்தது 55 சதவீதம் கறுப்பின மக்களாக இருக்க வேண்டும். கறுப்பினத்தவரின் பிரதிநிதித்துவத்தைக் காக்கவே இது என்று விளக்கம் தரப்பட்டது. அவற்றில் ஒன்றான 95ஆம் தொகுதி, பக்கத்து நகரமான ஹாம்ப்டனில் இருந்து வளைந்து நெளிந்து நியூபோர்ட் நியூஸுக்குள் நுழைந்தது. கறுப்பின வாக்காளர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள். அவர்களை ஒரே தொகுதியில் குவித்தால் அண்டைத் தொகுதிகள் அந்த அளவுக்குக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகும். 94ஆம் தொகுதி அப்படியோர் அண்டைத் தொகுதி.

அங்கே 2012 முதல் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி உறுப்பினராக இருந்தார். 2017இல் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் எதிர்த்து நின்றார். முதல் எண்ணிக்கையில் யான்சி 10 வாக்குகள் முந்தினார். டிசம்பர் 19 அன்று நடந்த மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரே ஒரு வாக்கில் வென்றார். மறுநாளே மூன்று நீதிபதிகளின் முன் ஒரு வாக்குச்சீட்டு வந்தது. அதில் இருவரின் வட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. சைமண்ட்ஸின் வட்டத்தின் குறுக்கே மட்டும் ஒரு கோடு. சீட்டின் மற்றப் பதவிகளுக்கெல்லாம் வாக்கு குடியரசுக் கட்சிக்கே விழுந்திருந்தது. அந்தக் கோட்டை வாக்காளர் தன் பிழையைத் திருத்திய அடையாளமாகக் கொண்டு நீதிபதிகள் வாக்கை யான்சிக்கு அளித்தார்கள். ஆளுக்கு 11,608. காகிதச் சீட்டு இருந்ததால்தான் வாக்காளரின் எண்ணத்தை இந்த அளவுக்குத் துருவிப் பார்க்க முடிந்தது. தாள் இல்லாத தொடுதிரை இயந்திரங்களை வர்ஜீனியா அந்த ஆண்டு செப்டம்பரில் முற்றாக ஒதுக்கியது மிக நல்ல முடிவு.

சமநிலையானால் குலுக்கல் என்பது மாநிலச் சட்டம். 2018 ஜனவரி 4 அன்று பீங்கான் கிண்ணத்திலிருந்து எடுத்த பிலிம் டப்பாவுக்குள் யான்சியின் பெயர் இருந்தது. அவை 51-49 என்று குடியரசுக் கட்சியின் கையில் நின்றது. சைமண்ட்ஸின் பெயர் வந்திருந்தால் 50-50. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஜனநாயகக் கட்சி பெற்றது சுமார் 53 சதவீத வாக்குகள். இந்த இடைவெளியைக் குலுக்கல் உண்டாக்கவில்லை. இதற்கு முழுக் காரணமும் வரைபடம் அல்ல என்பது உண்மை; ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் தாமாகவே நகரங்களில் நெருங்கி வாழ்ந்தாலும் இப்படி நேரும். ஆனாலும் வரைபடத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

2018 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த 12இல் 95 உட்பட 11 தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டதால் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அண்டைத் தொகுதிகளையும் சேர்த்து இரண்டு டஜன் தொகுதிகளின் எல்லைகள் மாறின; 94ஆம் தொகுதியும் மாறியது. அதே ஆண்டு நவம்பரில் அதே இருவரும் மீண்டும் மோதினார்கள். இம்முறை கிண்ணம் தேவைப்படவில்லை. சைமண்ட்ஸ் தெளிவான வித்தியாசத்தில் வென்றார். அவை 55-45 என்று ஜனநாயகக் கட்சியிடம் சென்றது. மாநிலமெங்கும் அன்று வீசிய அலையும் அவருக்கு உதவியது.

கோடு வரையும் பொறுப்பைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து, 8 சட்டமன்ற உறுப்பினர்களும் 8 குடிமக்களும் கொண்ட ஆணையத்திடம் ஒப்படைக்க 2020இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். ஆணையம் உடன்பாட்டுக்கு வராமல் முடங்கியது. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் இரு வல்லுநர்களை நியமித்து, 2021 டிசம்பரில் புதிய வரைபடத்தை வெளியிட்டது. தொகுதி எண்களும் புதிதாக இடப்பட்டன. சைமண்ட்ஸ் 2023இல் போட்டியிட்டு வென்ற நியூபோர்ட் நியூஸ் தொகுதியின் எண் 70. 94 என்ற எண் ஜேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் நார்ஃபோக் நகருக்குப் போய்விட்டது.